பதினாலு மூடை

தொண்ணூற்றெட்டுக்கு எழுபத்துநாலு.
பெட்ரோல் பில்லின் பின்பக்கம்
முழங்காலில் வைத்துப் போட்ட கணக்கு.

தாழையூத்து தாண்டி, நாலுவழிச் சாலையின் இறக்கத்தில்
ஒருக்களித்துக் கிடந்தது டேங்கர்.
வால்விலிருந்து நூல் பிடித்தாற்போல
இறங்கிக்கொண்டிருந்தது கந்தக அமிலம்,
அவசரமில்லாமல், எண்ணெய்போல.
ஒரு கருவேலங்கன்று என் கண்முன்னே
கறுத்துச் சுருண்டது.
ஓடைக்கு இன்னும் முப்பதடி.

குடத்தோடு ஓடிவந்தார்கள்.
"தண்ணி ஊத்தாதீய!"
இரவு ஷிப்ட் முடிந்த தொண்டை, கீச்சென்று வந்தது.
"எரியுதுன்னா தண்ணிதானம்மா ஊத்தணும்?"
"தண்ணியக் கண்டா இது கொதிச்சித் தெறிக்கும் அண்ணாச்சி.
மண்ணள்ளிப் போடுங்க. ஓரமா அணை கட்டுங்க."
யார் நீ என்று ஒருவர் கேட்டார்.
கங்கைகொண்டான் ஆலையில் ப்யூரெட் திருகுகிறவள்,
ஒருநாளைக்கு நாற்பது முறை,
சொட்டுச் சொட்டாக.
அவ்வளவையும் சொல்லவில்லை. "லேப்" என்றேன்.

பேட்டையிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து
வால்வை அடைத்தபோது
ஐந்நூறு லிட்டர் போயிருக்கும் என்றார்கள்.
அப்போதுதான் பார்த்தேன்:
நெரிசலில் ஆறாவதாக நின்ற லாரியில்
பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போகும்
நீற்றுச் சுண்ணாம்பு.

ஊய்க்காட்டான் இறங்கி வந்தார்,
மானூர் ரோட்டில் காளவாசல் வைத்திருப்பவர்.
விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.
நான் சமன்பாட்டில் தொடங்கினேன்,
அவர் கையைக் காட்டினார்.
"சுண்ணாம்பு தின்ன கைக்கு
ராத்திரி புளித்தண்ணி ஊத்துவோம், எரிச்சல் அடங்கும்.
அப்ப புளிப்புக்குச் சுண்ணாம்பு. அதான?"
அதேதான்.
"எத்தன மூடை?"
"பதினாலு."
"பணம் யாரு தருவா?"
அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.
லாரியின் பின்கதவை அவரே திறந்தார்,
திட்டிக்கொண்டே.

முகமூடிக்காரர்கள் மண்வெட்டியால்
ஓரத்திலிருந்து தூவினார்கள்.
சீறியது. தரை புகைந்தது.
பத்தடி தள்ளி நின்றவர் முகத்திலும் அனல்.
வெறுத்த இரண்டு பொருள் சேர்ந்தால்
குளிரும் என்று யாரும் நினைக்காதிருக்கட்டும்.

பாட்டில் மூடியில் சிட்டிகை மண்,
அதில் கொஞ்சம் குடிதண்ணீர், நுனியில் நிறத்தாள்.
நாலாம் மூடைக்குச் சிவப்பு.
ஒன்பதுக்கும் சிவப்பு. கூட்டம் என்னை நம்பவில்லை.
பன்னிரண்டுக்கு ஆரஞ்சு.
பதினாலில் இங்கே பச்சை,
இரண்டடி தள்ளி நீலம்,
அணைக்கு அருகில் பிடிவாதமாய் இன்னும் மஞ்சள்.
கணக்கு சரி. கலக்கத்தான் கரண்டி இல்லை.
குடுவையில் ஒரு சொட்டில் மாறும் நிறம்
ரோட்டில் திட்டுத் திட்டாகத்தான் மாறும்.
நீலத்தை மஞ்சளுக்கு வெட்டி இழுக்கச் சொன்னேன்.
சாயங்காலம் வரை இழுத்தார்கள்.

தாசில்தார் எழுதினார்: நடுநிலையாக்கப்பட்டது.
ஊய்க்காட்டான் எட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்:
"நடுநிலைன்னா, ரூவாயும் இல்லன்னு அர்த்தமா?"
மனு கொடுக்கச் சொன்னார்கள்.
கொடுத்திருக்கிறார். மாசியும் போய்விட்டது.

டிரைவர் ஆவுடையப்பனைப் பார்க்க
மறுநாள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
வலது கை முறிவு, மாவுக்கட்டு.
"கட்டுனப்ப சூடா இருந்திச்சி மேடம்," என்றார்,
"உள்ள ஏதோ அடுப்பு வச்ச மாதிரி.
பயந்துட்டேன். பெறகு தானா ஆறிட்டு."

ரோட்டோரத்தில் வெள்ளையாய் இறுகிக் கிடப்பதும்
அவர் கையைச் சுற்றி இறுகியிருப்பதும்
ஒரே உப்பு.
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் இடது கையால் ஆரஞ்சை உரிக்க முடியாமல்
பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.
வாங்கி உரித்துக் கொடுத்தேன்.
நகக்கண்ணில் எங்கோ ஒட்டியிருந்த சுண்ணாம்பின்மேல்
சாறு பட்டு,
எரிச்சல் கொஞ்சம் விட்டது.